திரும்பி வந்தவரைப் பார்க்காமல் ஒளிந்துகொண்டேன்: சமூகப்பணி மாணவியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: அக்கா, வணக்கம். சமூகப்பணி முதுகலை இரண்டாம் வருடம், மனநலப் பிரிவு. மூன்று மாதமாக ஒரு போதை மீட்பு மையத்தில் களப்பணி செய்கிறேன். நான் பார்த்துவந்த ஒருவர் 5 வாரம் குடிக்காமல் இருந்து நல்லபடியாக வீட்டுக்குப் போனார். பத்தே நாளில் மறுபடி குடித்துவிட்டு மனைவியோடு வந்து நின்றார். வராந்தாவில் அவரைப் பார்த்ததும் நான் ஃபைல் ரூமுக்குள் போய்விட்டேன். வேறொருவர்தான் பேசி அட்மிட் செய்தார். இப்போது அந்த வார்டுப் பக்கமே போக மனம் வரவில்லை. என் சூப்பர்வைசரோ ஒவ்வொரு பேச்சையும் வரிக்கு வரி எழுதிவரச் சொல்கிறார், "இந்த இடத்தில் உனக்குள் என்ன நடந்தது" என்று கேட்கிறார். அதற்குப் பதில் நாலு கவுன்சலிங் டெக்னிக் சொல்லிக்கொடுத்தால் உதவுமே என்று தோன்றுகிறது. தோழி ஒருத்தி இரண்டு நாள் சான்றிதழ் வகுப்புக்குக் கூப்பிடுகிறாள், போகட்டுமா? படிப்பு முடிந்ததும் மனநலமா, போதை மீட்பா, எதை எடுப்பது? இன்னொன்று, இதை மையத்தில் யாரிடமும் சொன்னதில்லை. என் அப்பா குடியால்தான் இறந்தார், எனக்கு அப்போது 16 வயது. நான் இந்த வேலைக்கு வரலாமா? வயதில் சின்னவள், "நீ" என்றே எழுதுங்கள்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீ கடைசியாகச் சொன்னதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகளுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. குடித்த அப்பாவின் மகள் இந்த வேலைக்கு வரலாமா? தாராளமாக வரலாம். மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து பார்க்கிறேன், வீட்டுக்குள்ளேயே குடியையோ மனநோயையோ பார்த்து வளர்ந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். அவர்களில் மிக அருமையாக வேலை செய்கிறவர்களும் உண்டு, ஆறே மாதத்தில் மனசு விட்டுப்போய் விலகியவர்களும் உண்டு. அப்பா குடித்தாரா இல்லையா என்பது அதைத் தீர்மானிக்கவில்லை. நோயாளியோடு பேசிக்கொண்டிருக்கும்போது எந்த நிமிடத்தில் அந்த அப்பா நடுவில் வந்து உட்காருகிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் தீர்மானித்தது.

ஃபைல் ரூமுக்குள் போனதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். நான் உன் சூப்பர்வைசராக இருந்தால் அந்த ஒரு வரியிலேயே ஒரு மணி நேரம் உட்காருவேன். உள்ளே நின்றபோது வந்தது கோபமா, பயமா, வெட்கமா? கதவைச் சாத்தினாயா? வெளியே அவர் குரல் காதில் விழுந்ததா, இல்லை அந்த அம்மாவின் குரலா? எத்தனை வயதுப் பெண்ணாக அங்கே நின்றாய்? எனக்குப் பதில் எழுத வேண்டாம், அவரிடம் சொல். முழுக் கதையையும் கொட்ட வேண்டிய அவசியம் இல்லை. "எங்கள் வீட்டிலும் குடி இருந்தது, அப்பா அதில்தான் போனார், இவர் விஷயத்தில் அது குறுக்கே வருகிறது என்று நினைக்கிறேன்." இவ்வளவு போதும். ஒரு நல்ல சூப்பர்வைசருக்கு இதைக் கேட்டதும் உன்மேல் மரியாதை கூடும். அப்பாவின் இழப்பு இன்னும் ஆறாமல் கிடக்கிறது என்றால் அதற்குத் தனியாக ஒரு கவுன்சலரைப் பார், சூப்பர்விஷன் அதற்கான இடம் இல்லை. மருத்துவர்கள் தங்கள் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகத்தானே செய்கிறார்கள்.

ஆனால் ஒன்று, நோயாளியிடம் இந்தக் கதையைச் சொல்லாதே, குறைந்தது இந்த வருடத்தில். சொன்னால் நெருக்கம் வரும் என்று தோன்றும். அவரோ உன் அப்பாவின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்து, உனக்காக அழுது, உன்னைத் தேற்றிவிட்டுப் போவார். அந்த ஒரு மணி நேரம் அவருக்கானது.

சரி, அவர் மறுபடி குடித்த விஷயம். 2000-ல் போதை சிகிச்சை ஆய்வாளர் தாமஸ் மெக்லெல்லனும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். போதை நோயை சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா இவற்றோடு வரிசையில் வைத்துப் பார்த்த கட்டுரை. சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் திரும்ப எடுக்க ஆரம்பிக்கிறார்கள் என்பது அதில் இருந்த கணக்கு. ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் சிகிச்சை எடுப்பவர்கள் மருந்தை, பத்தியத்தை விட்டுவிட்டுத் திரும்ப மோசமாகி வருவதும் கிட்டத்தட்ட அதே அளவில்தான், சொல்லப்போனால் கொஞ்சம் கூட. ஆஸ்துமா திரும்பி வந்தவரைப் பார்த்து எந்த நர்ஸும் ஃபைல் ரூமுக்குள் போவதில்லை.

ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இன்னொன்றையும் பிரித்துக் காட்டினார். சறுக்குவது வேறு, விழுந்தே கிடப்பது வேறு. ஒரு மடக்கு உள்ளே போனதும் "போச்சு, எல்லாம் போச்சு, நான் எதற்கும் லாயக்கில்லை" என்று ஒரு எண்ணம் வருமே, அந்த எண்ணம்தான் அடுத்த பாட்டிலைத் திறக்கவைக்கிறது. இப்போது யோசித்துப் பார். உன் நோயாளி பத்தாவது நாளில் திரும்பி வந்துவிட்டார், அதுவும் தன் காலால் நடந்து, அதே வராந்தாவுக்கு. முன்பெல்லாம் ஒருமுறை குடிக்க ஆரம்பித்தால் எத்தனை மாதம் போகும் என்று அவர் ஃபைலில் பார். அந்த 5 வாரத்தில் ஏதோ ஒன்று அவரிடம் தங்கியிருக்கிறது. அதைத்தான் நீ தோல்வியாகப் பார்க்கிறாய்.

இனி அந்த வரிக்கு வரி எழுதும் வேலை. அது எவ்வளவு சலிப்பு என்று எனக்குத் தெரியும், நானும் எழுதியிருக்கிறேன். நாலு கட்டம் போட்ட தாள், அவர் சொன்னது, நான் சொன்னது, எனக்குள் நடந்தது, கடைசிக் கட்டம் சூப்பர்வைசருக்கு. என் பயிற்சிக் காலத்தில் எழுதிய ஒரு தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பெரியவர், சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. "அவ போனதுலேர்ந்து தூக்கமே இல்லம்மா, இப்ப நாலு நாளா சுத்தமா இல்ல" என்றார். நான் சொன்னது: "குடியை நிறுத்தினா ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் ஐயா, போகப்போகத் தூக்கம் தானா வரும்." எனக்குள் நடந்தது என்ற கட்டத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தேன். என் மேடம் அந்தத் தாளில் வேறு எதையும் தொடவில்லை. "அவ போனதுலேர்ந்து" என்ற இரண்டு வார்த்தைக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "இது உன் காதில் விழுந்ததா?" என்று கேட்டார். விழுந்திருக்கிறது, அதனால்தானே எழுதியிருக்கிறேன். ஆனால் கேட்டதும் தாண்டிப் போய்விட்டேன், ஏனென்றால் மனைவி இறந்தவர் அழ ஆரம்பித்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் போய் "அம்மா எப்போது தவறினாங்க?" என்று கேட்டேன். அவர் முக்கால் மணி நேரம் பேசினார். அவர் குடிக்க ஆரம்பித்ததே அந்த வருடத்தில்தான் என்பது அதுவரை அவர் ஃபைலில் எங்கேயும் இல்லை.

நீ கேட்கிற டெக்னிக் இருக்கிறதே, அதுவே இப்படிப் பிறந்ததுதான். போதை சிகிச்சையில் இன்று எல்லோரும் பேசும் ஊக்கமூட்டும் உரையாடல் முறை, அதாவது மோட்டிவேஷனல் இண்டர்வியூயிங், 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் நார்வேயில் தங்கியிருந்தபோது உருவானது. அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் நோயாளிபோல நடிக்க, இவர் பேசிக்காட்டுவார். நடுவில் அவர்கள் நிறுத்திவிடுவார்கள். ஏன் இந்தக் கேள்வி, ஏன் வேறு எதையும் கேட்கவில்லை, அவர் சொன்னதில் இதை மட்டும் ஏன் எடுத்தீர்கள்? பதில் சொல்லப்போய்த்தான், தான் என்ன செய்கிறோம் என்பதே மில்லருக்குத் தெரியவந்தது. அதை எழுதி 1983-ல் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்ற இன்னொரு உளவியலாளர் சேர்ந்துகொள்ள, 1991-ல் புத்தகமாக வந்தது. உன் சூப்பர்வைசர் உன்னிடம் செய்வது அந்த நார்வே இளைஞர்கள் மில்லரிடம் செய்ததைத்தான். அவரை விட்டுவிடாதே.

அந்த இரண்டு நாள் வகுப்புக்குப் போகிறாயா, போ, தப்பில்லை. ஆனால் அதோடு கைவந்துவிடும் என்று நம்பிப் போகாதே. இதையும் மில்லர் குழுவே சோதித்துப் பார்த்திருக்கிறது, 2004-ல் வெளிவந்த ஆய்வு. ஏற்கனவே இந்தத் துறையில் வேலை செய்துவந்த 140 பேரைப் பிரித்து, சிலருக்குப் புத்தகமும் வீடியோவும், சிலருக்கு வெறும் வகுப்பு, மற்றவர்களுக்கு வகுப்போடு சேர்த்து அவர்கள் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டுக் கருத்தோ, தொடர் பயிற்சியோ, இரண்டுமோ. வகுப்பு மட்டும் முடித்தவர்களுக்கு வந்த திறமை மாதம் போகப்போகக் கரைந்தது, பின்னால் யாராவது கேட்டுத் திருத்தியவர்களிடம்தான் நிலைத்தது. அதனால் போய்வந்தபின் நீ பேசியதைக் கேட்டுச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள். உனக்கு இருக்கிறார்.

மில்லரின் இந்த முறையில் நீ முதலில் பழக வேண்டியது பேசுவதற்கு அல்ல, கையைக் கட்டிக்கொள்வதற்கு. வளைந்ததைப் பார்த்தால் நிமிர்த்தப் போகும் கை நம் எல்லோருக்கும் உண்டு. வீட்டில் அப்பாவை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பாடுபட்டவளுக்கு அது இன்னும் வேகமாகப் போகும். ஆனால் நாம் எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு அவர் எதிர்ப்பக்கம் சாய்வார். 1993-ல் வந்த ஒரு ஆய்வில், சிகிச்சை செய்பவர் எவ்வளவு அதிகமாக எதிர்த்து வாதாடினாரோ அந்த அளவுக்கு அந்த நோயாளி ஒரு வருடம் கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நல்லது சொல்கிறோம் என்று நினைத்துத்தான் அவர்களும் வாதாடியிருப்பார்கள்.

நடைமுறையில் எப்படி என்றால், அவர் "எனக்கு ஒண்ணும் பெரிய பிரச்சினை இல்ல, வீட்டுல சண்டை, அதான் வந்தேன்" என்கிறார். உன் வாயில் வரப்போவது: "சார், உங்க லிவர் ரிப்போர்ட்டைப் பாருங்க." அதை விழுங்கிவிட்டு, "வீட்டுச் சண்டை அவ்வளவு தூரம் உங்களைப் பாதிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்திப் பார். பெரும்பாலும் ஒரு சின்ன மௌனம் வரும். அதற்குப் பிறகு "பெரியவன் என்கூடப் பேசுறதையே விட்டுட்டான்" என்பதுபோல ஒன்று வரும். குடியை விட வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வெளியே வந்தாயிற்று, நீ இனி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த மௌனத்தில் குறுக்கே பாயாமல் இருக்கப் பழகவே எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

இவ்வளவு சொன்னதால், வெறும் மனசு மட்டும் இருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளாதே. நெஞ்சில் மனப்பாடமாக இருக்க வேண்டிய அறிவு இந்த வேலையில் நிறைய உண்டு, அதில் கொஞ்சம் உயிர் சம்பந்தப்பட்டது. நிறைய நாளாகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்தே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம், முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் நாள் கிழமை தெரியாமல், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் படபடப்புமாகப் போகலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. எனவே நடுங்கிக்கொண்டு வருபவரை உட்காரவைத்துக் கதை கேட்காதே. "கடைசியா எப்ப குடிச்சீங்க, முன்னாடி நிறுத்தினப்ப வலிப்பு வந்திருக்கா" என்ற இரண்டு கேள்வியோடு நேரே மருத்துவரிடம் கூட்டிப் போ.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு எடுத்தவர்களிடம் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். சில வாரம் எடுக்காமல் இருந்தாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். வீட்டுக்குப் போய் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அவரையும் வீட்டுக்காரர்களையும் சேர்த்து உட்காரவைத்து இதைச் சொல்ல வேண்டும், ஓபியாய்டு அளவு மீறியவருக்கு மூச்சைத் திருப்பும் மருந்தான நாலாக்ஸோன் கிடைக்கும் இடம் என்றால் அதைப் பயன்படுத்தவும் காட்ட வேண்டும். "அப்படிச் சொன்னா திரும்ப எடுக்கச் சொல்ற மாதிரி ஆகிடாதா" என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆகாது.

அதேபோலத் தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்கப் பழகு. "செத்துடலாம்னு நினைச்சிருக்கீங்களா?" என்று அதே வார்த்தையில். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. "ஆமாம்" என்று பதில் வந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் பெரும்பாலும் நம்மைக் கேட்கவிடாமல் தடுக்கிறது. அதற்குத்தான் உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. வரும் அறிகுறி என்ன, தனியாக என்ன செய்து சமாளிப்பார், எங்கே போனால் அல்லது யாரோடு இருந்தால் மனம் திரும்பும், யாரிடம் உதவி கேட்பார், எந்த மருத்துவரை, எந்த எண்ணை அழைப்பார், கைக்கு எட்டும் ஆபத்தான பொருளை எப்படி அப்புறப்படுத்துவது என்று ஆறு படி, எல்லாம் அவர் வார்த்தையிலேயே, ஒரு தாளில். உன் வகுப்பில் இதைச் சொல்லித்தரவில்லை என்றால் கேட்டு வாங்கிக் கற்றுக்கொள்.

மனநலமா, போதையா என்ற கேள்விக்கு வருகிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டும் தனித்தனி, நோயாளி வந்து உட்காரும்போது இரண்டும் ஒன்றாகவே வரும். குரல் கேட்கிறது என்று வருபவர் கஞ்சாவும் எடுத்துக்கொண்டிருப்பார், குடிக்காக வந்தவர் இருபது வருடமாக யாருக்கும் சொல்லாத மனச்சோர்வைச் சுமந்துகொண்டிருப்பார். குடியே மனச்சோர்வைப்போல ஒரு நிலையை உண்டாக்கும், நிறுத்தியபின் சில வாரத்தில் அது தானாகத் தெளிவதும் உண்டு. அதனால்தான் நோயைப் பெயரிடும் கையேடுகள் ஏறக்குறைய ஒரு மாதம் பார்க்கச் சொல்கின்றன. ஆனால் அந்த ஒரு மாதம் சும்மா இருக்கும் மாதம் இல்லை, தற்கொலை ஆபத்து தவணை கேட்காது. ஆகவே எங்கே சேர்ந்தாலும் இரண்டையும் கற்றாக வேண்டும். எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால், பெயர்ப்பலகையைப் பார்க்காதே, அங்கே வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் உன்னோடு உட்கார்ந்து உன் கேஸைப் பேச மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா என்று நேர்காணலிலேயே கேள். "தேவைப்பட்டா வந்து கேளுங்க" என்று பதில் வந்தால் இல்லை என்று அர்த்தம்.

இந்தப் படிப்பின் வரலாற்றிலேயே களம்தான் முதுகெலும்பு. முதல் உலகப் போரில் மனம் நொறுங்கித் திரும்பிய வீரர்களுக்காக 1918-ல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரி மனநல சமூகப்பணிக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது, கோடையில் வகுப்பு, பிறகு மாதக்கணக்கில் மருத்துவமனையில் வேலை என்றுதான் வைத்தார்கள். நோயாளியின் வீட்டையும் வேலையையும் கடனையும் உறவையும் தெரிந்துகொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் நம்மைத் தேடினார்கள். மாத்திரை எழுதுவது மருத்துவர், சோதனைகள் செய்வது உளவியலாளர், அந்த மனிதர் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறார் என்று போய்ப் பார்ப்பது நாம்.

இதைச் சொல்லும்போதுதான் உறுத்துகிறது, உன் கடிதத்தில் "மனைவியோடு வந்து நின்றார்" என்று எழுதிவிட்டு அந்த மனைவியைப் பற்றி வேறு எதுவும் எழுதவில்லை. அந்த அம்மா எப்படி நின்றார்? அந்தப் பத்து நாளும் வீட்டில் என்ன நடந்தது, குழந்தைகள் இருக்கிறார்களா, அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா? குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே 1951-லிருந்து அல்-அனான் குழுக்கள் இயங்குகின்றன, குடும்பத்தினருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து அதன் வழியாகவே நோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் முறைகளும் இருக்கின்றன. அந்தப் பக்கம் நின்று பார்த்தவள் நீ. அந்த வராந்தாவில் அவரை விட அந்த அம்மாவைப் பார்க்க முடியாமல்தான் நீ உள்ளே போனாயோ என்று ஒரு சந்தேகம் எனக்கு. தப்பாகவும் இருக்கலாம். சூப்பர்வைசரோடு பேசும்போது இதையும் எடுத்து வை.

அவர் இப்போது அதே வார்டில்தான் இருக்கிறார். முதலில் சூப்பர்வைசரைப் பார், ஃபைல் ரூம் விஷயத்தைச் சொல், அப்பாவைச் சொல். அன்றைக்கே, தள்ளிப்போடாமல், வார்டுக்குப் போ. "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க" வேண்டாம், அதை அவர் வீட்டில் நூறு தடவை கேட்டுவிட்டு வந்திருப்பார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். "நீங்க வந்த அன்னிக்கே நான் வந்து பார்த்திருக்கணும், வரல. நீங்க திரும்பி வந்ததுல எனக்கு சந்தோஷம்" என்று சொல். அப்புறம், "போன தடவை அஞ்சு வாரம் எப்படித் தாக்குப்பிடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் பேசும்வரை காத்திரு. வெளியே வந்ததும், மறப்பதற்குள், நாலு கட்டம் போட்ட தாளில் எழுது. இந்த முறை மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடாதே.

அன்புடன்,
அக்கா